மூன்றாம் தெருத் தெப்பக்குளம்

‘அண்ணே’ என்று கூப்பிட்டதுதான் கனகா செய்த குற்றம். வேறு ஒன்றும் இல்லை.

நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்தைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் புதுக் காலனியின் மூன்றாம் தெருவில் அவளுக்கு வீடு. முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். சுற்றிலும் மாணவர்கள் தங்கும் விடுதிகளும் மெஸ்களும் இருப்பதால் மாவுக்குக் கிராக்கி உண்டு. தண்ணீருக்குத்தான் திண்டாட்டம். ஆயிரம் அடி போர் போட்டவர்களுக்கும் புழுதிதான் வந்தது. குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை வந்தால் அதிசயம். மற்ற நாளெல்லாம் அழகுமலையின் லாரிதான் கதி. வேறு லாரி எதுவும் அந்தக் காலனிக்குள் நுழைய முடியாது. நுழைந்தால் டயரில் காற்று இருக்காது.

அன்றைக்கு இருபது கிலோ அரிசி ஊறிக்கொண்டிருந்தது. வர வேண்டிய லாரி வரவில்லை. கனகா போனைப் போட்டாள்.

“அண்ணே, மூணாம் தெரு கனகா பேசுறேன். லோடு இன்னும் வரலையே?”

“யாருக்கு யாரு அண்ணன்?” என்றார் அழகுமலை. “எங்க வயல்ல நாத்து நடுறப்ப உங்க ஆத்தா என்னைய என்னான்னு கூப்பிடும்? அதக் கேட்டுட்டு வந்து பேசு.”

கேட்க வேண்டியதே இல்லை. வாடிப்பட்டிப் பக்கம் அழகுமலையின் அப்பாவுக்கு வயல் இருந்தது. கனகாவின் அம்மா சோணையம்மாள் அங்கே கூலிக்கு நடவு நட்டவள். மீசை முளைக்காத பையனாக இருந்த அழகுமலையையும் அவள் ‘ஐயா’ என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் அவர்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். உள்ளேயிருந்து யாராவது வந்து, குடத்தில் கை பட்டுவிடாமல், உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். வர மனசில்லை என்றால் வர மாட்டார்கள். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கனகாவும் அங்கே நின்றிருக்கிறாள். இது ஏதோ ராஜா காலத்துக் கதை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கனகாவுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயதுதான் ஆகிறது.

ஊறிய அரிசி வீணாகிவிடுமே என்று அன்றைக்கு அவள் போனாள். தெருமுனையிலேயே அழகுமலையின் மாடி வீடு. கேட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றாள். உள்ளே டிவி ஓடியது, யாரோ சிரித்தார்கள், நாய் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனது. மனிதர்கள் யாரும் வரவில்லை. கடைசியில் டிரைவர் வந்து, “ஐயா அனுப்பச் சொல்லிட்டாரு, நீ போம்மா” என்றான். லாரி வந்தது, மாவும் அரைத்தாயிற்று. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவள் தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது. செத்தாலும் இனி அந்தக் கேட்டில் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

முடிவு செய்தால் போதுமா, தண்ணீர் வேண்டாமா? தாலிச் செயினுக்கென்று போட்டுவந்த சீட்டை எடுத்தாள். வாசலில் பள்ளம் தோண்டி, பதினைந்தாயிரம் லிட்டர் பிடிக்கிற தொட்டி கட்டினாள். மொட்டை மாடியில் விழும் மழையெல்லாம் குழாய் வழியே இறங்கி, ஜல்லியும் கரியும் மணலும் போட்ட குழிக்குள் வடிந்து, தொட்டிக்குள் சேரும். கூடவே மாடியில் ஆறு சோலார் பேனல்கள், வீட்டுக்குள் ஒரு பேட்டரி. மானியம் போக மீதியைக் கட்டினாள். இரண்டையும் செய்து கொடுத்தவர் பரவை எலெக்ட்ரீஷியன் இம்மானுவேல். வாய் ஓயாமல் பேசுவார், வேலையும் ஓயாமல் செய்வார்.

கனகாவின் புருஷன் வீரணன் ஆட்டோ ஓட்டுகிறான். நல்ல மனுஷன், கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. அவன் பள்ளத்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தபோது அழகுமலை புல்லட்டை நிறுத்தினார்.

“என்ன வீரணா, வாசல்லயே தெப்பக்குளம் வெட்டுற? தெப்பத் திருவிழா என்னைக்கு? சாமி எந்தப் பக்கமா வருது?”

தெருவே சிரித்தது. வீரணனும் சிரிக்கத் தெரியாமல் சிரித்து வைத்தான். உள்ளேயிருந்து கனகா வந்தாள்.

“மொதல்ல தண்ணி வரட்டும்ணே. திருவிழாவுக்கு உங்களுக்குத்தான் மொதப் பத்திரிக்கை.”

அழகுமலையின் சிரிப்பு அணைந்துபோனது. “தீவாளிக்குள்ள என் கேட்டுல வந்து நிப்ப. நிக்கலைன்னா எம் பேரு அழகுமலை இல்ல” என்றார். மறுநாளிலிருந்து அவள் வீட்டுக்கு லாரி நின்றது. அதுவரை தொட்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள், இப்போது கனகாவைப் பார்த்து உச்சுக் கொட்ட ஆரம்பித்தார்கள். அவளுக்கு எது அதிகம் எரிச்சலைத் தந்தது என்று சொல்ல முடியாது.

வீரணன் தினமும் ஆட்டோவில் பரவைக்குப் போய், தங்கச்சி வீட்டிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்தான். மாவு பாதியாகக் குறைந்தது. ஆனாலும் அவள் நிமிர்ந்தே நடந்தாள், காரணம் கரண்ட். பகல் முழுக்க மூன்று கிரைண்டர்களும் வெயிலில் ஓடின. ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, “வீட்ட பூட்டிட்டு ஊருக்குப் போயிருந்தீங்களாம்மா?” என்று கேட்டார். நாலாயிரத்துக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்த பில், முந்நூற்றுச் சொச்சமாக வந்திருந்தது. அந்தச் சீட்டை அவள் கேட்டிலேயே ஒட்டி வைத்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று படித்தார்கள். புல்லட்டில் போன அழகுமலையும் ஒரு கணம் வேகத்தைக் குறைத்ததைக் கனகா பார்த்தாள். வயிறு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி ஆயுத பூஜை வரைக்கும்தான் இருந்தது.

பூஜைக்கு மறுநாள் காலை பத்து மணி. நல்ல வெயில். கிரைண்டரைப் போட்டாள். முதலாவது சுற்றியது, இரண்டாவது முனகியது, மூன்றாவதைப் போட்டதும் பேட்டரி பெட்டி கீச்கீச்சென்று கத்திவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தியது. பெட்டியில் வழக்கமாகத் தெரியும் எண்ணில் கால்வாசிகூட இல்லை. மத்தியானத்துக்குள் செய்தி தெருமுனைக்குப் போய்விட்டது. “கண்ணாடி புகைஞ்சிருச்சாம்ல? வெயில்ல மாவாட்டுனா அப்படித்தான்” என்று டீக்கடையில் அழகுமலை சொன்னாராம். சொன்னதைச் சொட்டு விடாமல் கொண்டுவந்து சேர்க்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

கனகா இம்மானுவேலுக்குப் போன் செய்தாள்.

“அக்கா, பேனல் மேல நெழலு எதும் விழுதா?”

“நெழலுக்கு எங்க போறது? மரமே இல்லையேண்ணே.”

“எதுக்கும் ஏறிப் பாருங்க. ஒரு கை அகலம் மறைச்சாலே அம்புட்டும் படுத்துரும்.”

ஏறிப் பார்த்தாள். பார்த்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆறு பேனல்களிலும் பட்டை பட்டையாக மூன்று வரி சந்தனம். நடுவில் தோசை அகலத்துக்குக் குங்குமப் பொட்டு. மேல்விளிம்பில் சாமந்தி மாலை. மாடிக்கு நடுவே திருஷ்டிப் பூசணிக்காய் வேறு உடைந்து கிடந்தது.

“ஏங்க! இங்கிட்டு வாங்க!”

வீரணன் வந்தான். முகத்தில் பெருமை.

“ஆட்டோவுக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு, அருவாமணைக்குக்கூடப் பொட்டு வச்சாச்சு. நமக்குச் சோறு போடுறதே இதுதான். இத மட்டும் மூளியா விடச் சொல்றியா?”

“சூரியன் பாக்குற கண்ணாடிங்க அது! கண்ணுல சந்தனத்த அப்பிட்டா எப்படிங்க பாக்கும்?”

துணியை எடுத்துத் துடைத்தாள். வரவில்லை. நகத்தால் சுரண்டினாள், அப்படியும் வரவில்லை.

“காத்துல உதுந்துருமேன்னு கொஞ்சமா மைதாப் பசை கலந்தேன்” என்றான் வீரணன், குரலை இறக்கி.

ஆட்டோ வாங்குவதற்கு முன்பு வீரணன் மதுரை முழுக்கக் கல்யாண போஸ்டரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் ஒட்டியவன். அவன் ஒட்டினால் மழை வந்தால்தான் பிரியும் என்று பெயர். அந்தக் கைதான் பேனலிலும் வேலை செய்திருந்தது. கனகாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆறு பேனலையும் ஊற வைத்துக் கழுவ வேண்டும். வீட்டில் இருந்ததோ குடிக்க வைத்திருந்த அரைக் குடம் தண்ணீர்.

மழை அன்றைக்குச் சாயங்காலமே வந்தது. நாகமலையின் முதுகில் கருமேகம் ஏறியதைப் பார்த்ததும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தெப்பக்குளத்துக்குத் தண்ணீர் வருவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? தெருமுனையில் அழகுமலையும் குடையோடு நின்றார். ஒன்பது மாதம் காய்ந்த மாடியில் முதல் சொட்டுகள் பட்பட்டென்று விழுந்தன. கனகா குழாயடிக்கு ஓடினாள். ஓடிப்போய்த் தொட்டிக்குப் போகும் வழியை அடைத்து, தெருச் சாக்கடைக்குப் போகும் வால்வைத் திறந்துவிட்டாள்.

“அடியே!” என்று அலறினான் வீரணன். “என்னடி பண்ற? தண்ணிய வெளிய விடுற!”

“முதல் மழைய விட்டுறணும்னு இம்மானுவேல் அண்ணே சொன்னாருல்ல. மாடியக் கழுவுற தண்ணிங்க இது. புறா எச்சம், உங்க சந்தனம், பூசணிக்கா எல்லாம் இதுலதான் வருது. இத உள்ள விட்டு, மாவுல அரைச்சு ஊருக்குக் குடுக்கச் சொல்றீங்களா?”

“ரெண்டு மாசமா ஒரு சொட்டுக்கு அலையிறோம் கனகா…”

“எம்புட்டு அலைஞ்சாலும் சரி. அழுக்குத் தண்ணில மாவாட்ட மாட்டேன்.”

சொல்லிவிட்டு விளக்குமாற்றோடு மாடிக்கு ஏறினாள். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே ஆறு பேனலையும் தேய்த்தாள். மைதாப் பசை ஊறி இளகியது. சந்தனமும் குங்குமமும் கரைந்து குழாயில் இறங்கி, மஞ்சளும் சிவப்புமாகத் தெருவில் ஓடின. “தெப்பக்குளத்துல மஞ்சத்தண்ணி விளையாட்டுடோய்!” என்று எவனோ கத்தினான். அழகுமலை குடை குலுங்கச் சிரித்தது மாடியிலிருந்தே தெரிந்தது. கால் மணி நேரம் கழித்து, தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்ததும் கனகா இறங்கி வந்து வால்வை மாற்றினாள்.

மழை நின்றுவிட்டது.

தூறலாகவாவது வரட்டும் என்று கழுத்து வலிக்கும்வரை வானத்தைப் பார்த்தாள். மேகம் சோழவந்தான் பக்கமாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தரை மட்டும் ஈரமாகியிருந்தது. அப்போதுதான் அழுதாள். மழையில் நனைந்த முகம், யாருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை அழகுமலை லாரியோடு வந்தார். கேட்டுக்கு முன்னால் லாரி நின்றது, பின்குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கே கனகாவுக்கு நாக்கு வறண்டது.

“பாவமா இருக்கு கனகா” என்றார், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. “தீவாளி நேரம். இட்லியும் கறிக்குழம்பும் இல்லாம எவன் வீட்ல தீவாளி? ஒனக்கு வருசத்துலயே பெரிய யாவாரம். ஒரு லோடு சும்மாவே விடுறேன், காசு வேணாம். உங்க ஆத்தா கூப்பிட்ட மாதிரி ஒரு வார்த்தை கூப்பிடு. அது போதும்.”

மகள் வீட்டிலேயே இருக்கும் சோணையம்மாள் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். பழைய பழக்கம், இடுப்பு தானாக வளைந்தது. வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டதைக் கனகா பார்த்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீ சும்மா இரும்மா. என் காலத்துக்கும் சேத்து நீ கூப்பிட்டாச்சு.” பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பினாள். “லாரியத் திருப்புங்கண்ணே. பின்னாடி பள்ளம் இருக்கு, பாத்துத் திருப்பச் சொல்லுங்க.”

அழகுமலையின் முகம் கறுத்தது. கோபத்தில், வந்த லோடைத் தெருவிலேயே திறந்துவிடச் சொன்னார். ஆறாயிரம் லிட்டர். கனகாவின் வாசலைத் தொட்டுக்கொண்டு ஓடி மண்ணில் இறங்கியது. அவள் ஒரு சொம்பு மொள்ளவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குப் பேனல்கள் முழுசாக வேலை செய்தன. அரைக்கத்தான் தண்ணீர் இல்லை. மெஸ்காரர்களில் இரண்டு பேர் வேறு கடையைப் பார்த்துக்கொண்டார்கள். வீரணன் பரவைக்கும் வீட்டுக்குமாக ஓடி ஓடி, ஒரு நாள் ஆட்டோவிலேயே தூங்கிப்போனான். அவன் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்காகவே அந்தச் சந்தனத்தை அவள் மன்னித்தாள்.

பதினோரு நாள் கழித்து ஐப்பசி மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. மூன்று நாள் விடாமல் அடித்தது. வால்வைப் பார்த்துப் பார்த்துத் திருப்பினாள். தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. வேலையை விட்டுவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். மழை ஓய்ந்தபோது தொட்டி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. இம்மானுவேல் வந்து, ஒரு பாட்டிலில் பிடித்துப்போய்ச் சோதித்துவிட்டு, “ஜம்முனு இருக்குக்கா, அரைங்க” என்றார்.

அதே மழையில் தெருமுனை வேப்பமரம் சரிந்து டிரான்ஸ்பார்மரைச் சாய்த்தது. நான்கு தெருவுக்குக் கரண்ட் போனது. தீபாவளிக்குள் வராது என்று சொல்லிவிட்டார்கள். அழகுமலையின் லாரிகள் தண்ணீர் ஏற்றும் தோட்டத்துக் கிணற்றடியில் அச்சு முங்கச் சேற்றில் புதைந்து நின்றன. மழை விட்டு, சுள்ளென்று வெயில் அடித்தது. கனகாவின் வீட்டில் மட்டும் மூன்று கிரைண்டரும் சுற்றின. தெருவில் ஒவ்வொருவராகக் குடத்தோடு வந்தார்கள். உச்சுக் கொட்டியவர்களும் வந்தார்கள், மஞ்சத்தண்ணி என்று கத்தியவனும் வந்தான். உள்ளே வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

தீபாவளிக்கு முந்தைய நாள் மத்தியானம் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் வெண்கலக் குடம். அழகுமலையின் மனைவி பஞ்சவர்ணம். அவள் மகளுக்கு அது தலைதீபாவளி, புது மாப்பிள்ளை வந்து இறங்கியாயிற்று. விடிந்தால் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். வீட்டில் முகம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. குடத்தைக் கேட்டுக்கு வெளியே கீழே வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாராவது வந்து ஊற்றட்டும் என்று காத்திருந்தாள்.

ஜன்னல் வழியே கனகா பார்த்தாள். ஒரு மணி நேரம் நிற்க வைக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது அந்த ஆசை, இல்லையென்று சொன்னால் பொய். நாய்கூட இல்லை, இருந்திருந்தால் அதையும் அனுப்பியிருப்பாள். தொண்டை முள் குத்தியது. பிறகு வாசலுக்குப் போய்க் கேட்டை அகலத் திறந்தாள்.

“உள்ள வாங்க மதினி.”

பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். “இல்ல… இங்கயே ஊத்திவிட்டா போதும்.”

“கேட்டுல நிக்க வச்சுத் தண்ணி ஊத்துற பழக்கம் இந்த வீட்ல இல்ல. உள்ள வந்து உங்க கையால பிடிச்சுக்கங்க. நாங்க புழங்குற குழாய்தான். முடியாதுன்னா லாரி வர்றவரைக்கும் பொறுங்க.”

பஞ்சவர்ணத்தின் பார்வை தெருமுனைக்குப் போனது. அங்கே கைலியைப் பிடித்துக்கொண்டு அழகுமலை நின்றார். கனகாவும் பார்த்துவிட்டாள்.

“அண்ணே!” என்று கூப்பிட்டாள். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் இருந்தார்கள். “புது மாப்ள வந்திருக்காருல்ல, ஒத்தக் குடம் எப்படிப் பத்தும்? நீங்களும் ரெண்டு குடத்தத் தூக்கிட்டு வாங்க!”

அவர் அசையவில்லை. பஞ்சவர்ணம் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு சட்டென்று செருப்பைக் கழற்றினாள், குடத்தை எடுத்தாள், உள்ளே வந்து குழாயைத் திறந்தாள். குளிர்ந்த தண்ணீர் குடத்தில் விழுந்தது. ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள், இன்னொரு கை அள்ளிக் குடித்தாள். எழுந்திருக்கப் போன சோணையம்மாளைக் கனகா கையமர்த்தினாள். அவள் உட்கார்ந்தபடியே, “நல்லா இருக்கியா தாயி?” என்று கேட்டாள். “நல்லா இருக்கேன்” என்றாள் பஞ்சவர்ணம். “நெறையப் பிடிச்சுக்க” என்றாள் சோணையம்மாள்.

இரண்டாவது நடைக்கு அழகுமலையே வந்தார். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் குடம். கேட்டில் வந்து நின்றார். கனகா மாவை அள்ளிப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. ஊற்ற யாரும் வரவில்லை. கேட் திறந்தே கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். குனிந்து குழாயைத் திறந்து, குடத்தைப் பிடித்தார். தெருவில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

குடம் நிறைந்ததும் நிமிர்ந்தார். சட்டைப் பையில் கையை விட்டார்.

“எம்புட்டுத் தரணும்?”

“மழைத் தண்ணிக்கு விலை இல்லண்ணே. மாவுக்குத்தான் விலை” என்றாள் கனகா. “தலைதீவாளிக்கு எத்தன கிலோ வேணும்?”

அவர் வாசலைப் பார்த்தார், தொட்டி மூடியைப் பார்த்தார், மாடியில் பளபளத்த பேனலைப் பார்த்தார்.

“நாலு கிலோ” என்றார் அழகுமலை.

“எங்க வீட்டுக்காரரு கொண்டாந்து குடுப்பாரு. உங்க கேட்டத் தெறந்து வைங்கண்ணே” என்றாள் கனகா.